ஒரு போகச் சோளமும் ஒரு தோட்டமும்: முடிவுத் திகதியை எழுதுவது யார்?

தற்காலிகக் கலைப்படைப்பு என்றால் எங்களில் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. "கொஞ்ச நாள்தான் இருக்கும், பிறகு இல்லாமல் போயிடும், அதுதான் அதின்ர அழகு" என்று விரிவுரைகளிலும் கேட்டிருக்கிறோம், இன்ஸ்டகிராம் படங்களுக்குக் கீழேயும் வாசித்திருக்கிறோம். இதற்கு எல்லோரும் எடுக்கிற உதாரணம் கிறிஸ்டோவும் ஜான் குளோடும். 2005 பெப்ரவரியில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கின் நடைபாதைகளில் செம்மஞ்சள் துணி தொங்கும் 7,503 வாயில்களை நிறுத்தினார்கள். பதினாறு நாட்கள் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். நிலத்தில் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. அந்தப் பதினாறு நாளுக்காக 1979 இலிருந்து காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை இன்னும் அழகாகிவிடும்.

அந்த அழகோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "முடிவு அழகானது" என்று சொல்ல முதல் ஒரு கேள்வி கேட்கவேணும் எண்டு நினைக்கிறன். அந்த முடிவுத் திகதியை எழுதினது யார்? கிறிஸ்டோ தம்பதி தங்கட முடிவைத் தாங்களே எழுதிக்கொண்டவர்கள். எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை. இதை விளக்க சென்ட்ரல் பார்க் காணாது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் போகவேண்டும். அங்கே கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இரண்டு வயல்கள் முடிந்தன. ஒன்று கலைப்படைப்பு. மற்றது தோட்டம்.

முதல் வயல்

லொஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்துக்கு வடக்கே, சைனாடவுணுக்குப் பக்கத்தில் 32 ஏக்கர் காணி ஒன்று இருக்கிறது. அந்த நகரத்தின் முழு வரலாறும் அந்தக் காணிக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஸ்பானியர் வந்து 1781 இல் ஊர் அமைக்க முதலே டொங்வா பழங்குடிகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தார்கள். ஊர் வந்த பிறகு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோன 'தாய் வாய்க்கால்' (ஸ்பானியப் பெயர் சான்ஹா மாத்ரே) இந்தப் பக்கத்தால்தான் ஓடியது. பிறகு சதேர்ன் பசிபிக் கம்பனியின் ரயில் நிலையமும் சரக்கு முற்றமும் வந்தன. கிழக்கிலிருந்து வேலை தேடி வந்த சனம் முதலில் இறங்கிய இடம் அது. ரயில் முற்றம் கைவிடப்பட்ட பிறகு பல காலம் அது மண்ணும் குப்பையுமாகக் கிடந்தது. ஊர்ச்சனம் அதைக் 'கோர்ன்ஃபீல்ட்', அதாவது சோளவயல் எண்டுதான் கூப்பிட்டது. ஒரு காலத்தில் அங்கே சோளம் விளைந்தது என்றும், ரயில் பெட்டிகளிலிருந்து சிந்தின சோளம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் முளைத்தது என்றும் இரண்டு கதை இருக்கிறது.

1990களின் கடைசியில் அந்தக் காணியில் பண்டகசாலைகள் கட்டுவதற்கு ஒரு திட்டம் வந்தது. சைனாடவுணும் அதைச் சுற்றியிருந்த குடியிருப்புகளும் பூங்காவே இல்லாத இடங்கள். பிள்ளைகளுக்கு விளையாட ஒரு துண்டு நிலம் இல்லை. அதனால் பல அமைப்புகள் சேர்ந்து 'சைனாடவுண் யார்ட் அலையன்ஸ்' என்ற கூட்டணியை உருவாக்கி வழக்குப் போட்டன. பண்டகசாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 2001 இல் கலிபோர்னிய மாநிலம் காணியைப் பூங்காவுக்காக எடுத்துக்கொண்டது. சனம் சண்டை பிடித்து வென்ற நிலம் அது. இந்த விசயத்தை மறக்காமல் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

காணி கிடைத்தது, ஆனால் பார்க் வரவில்லை. திட்டம், வரைபடம், காசு எண்டு வருசங்கள் இழுபட்டன. அந்த இடைவெளிக்குள்தான் லோரன் பொன் என்ற கலைஞர் வந்தார். 2005 இல் அவர் அந்த 32 ஏக்கரிலும் சோளம் விதைத்தார். படைப்பின் பெயர் 'நொட் எ கோர்ன்ஃபீல்ட்', 'இது சோளவயல் அல்ல'. சுங்கானை வரைந்துவிட்டு அதற்குக் கீழே இது சுங்கான் இல்லை என்று எழுதிய மக்ரித்தின் ஓவியம் ஞாபகம் வரும். லொறி லொறியாக மண் கொண்டுவந்து கொட்டினார்கள், சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள், கிட்டத்தட்ட பத்து லட்சம் சோள விதை போட்டார்கள். செலவு ஏறத்தாழ 30 லட்சம் டொலர். காசு கொடுத்தது அன்னன்பெர்க் அறக்கட்டளை. பொன் அந்தக் குடும்பத்துப் பேத்தி, அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவர்.

கால எல்லை ஒரு போகம். விதைப்பிலிருந்து அறுவடை வரைக்கும். போகம் என்ற சொல்லோடு வளர்ந்த எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி எழுதவேண்டியதை நாங்கள் ஒரு சொல்லில் சொல்லிவிடுவோம்.

சோளம் வளர்ந்தது. வானளாவிய கட்டடங்களின் பின்னணியில் ஆள் உயரத்துக்கு மேலே பச்சைப் பயிர். படங்களைத் தேடிப் பாருங்கோ, நம்ப ஏலாமல் இருக்கும். அறுவடை முடிந்த பிறகு உலர்ந்த சோளத்தட்டைக் கட்டுகளை வட்டமாக அடுக்கி வைத்தார்கள். 2006 இல் காணியின் ஒரு பகுதி இடைக்காலப் பூங்காவாகச் சனத்துக்குத் திறக்கப்பட்டது. கலைப்படைப்பு சொன்னபடி தொடங்கி, சொன்னபடி முடிந்தது.

எதிர்ப்பும் அதில் இருந்த நியாயமும்

இந்த வேலையை எல்லோரும் கொண்டாடவில்லை. வழக்குப் போட்டு நிலத்தை வென்ற ஆட்களில் சிலருக்குக் கோபம் வந்தது. "நாங்கள் கேட்டது பிள்ளைகள் பந்தடிக்கிற இடம், கிடைச்சது ஒரு பணக்காரக் கலைஞரின்ர சோளம்" என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். பூங்காவுக்குக் காசில்லை என்று அரசு சொல்லிக்கொண்டிருக்க, ஒரு போகத்துக்கு 30 லட்சம் டொலர் வருகிறதே என்ற கேள்வியும் இருந்தது.

அந்தக் கோபத்தில் பாதி நியாயம் என்று நான் நினைக்கிறேன். நிலத்தை வென்றவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதிலிருந்து தொடங்கியிருந்தால் அது வேறு படைப்பாக இருந்திருக்கும். காசு உள்ளவர் யோசனையோடு வந்து, பிறகு ஊரைக் கூப்பிடுவதற்கும், ஊர் யோசித்ததற்குக் காசு கிடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பொதுவெளிக் கலை பற்றிக் கதைக்கிற நாங்கள் 'பங்கேற்பு' என்ற சொல்லை லேசாகப் பாவிக்கிறோம். விதை போட வாங்கோ என்று கூப்பிடுவதும் பங்கேற்புத்தான். ஆனால் என்ன விதைக்கிறது எண்டு கேட்கிறது அதைவிடப் பெரிய பங்கேற்பு.

மற்றப் பாதியையும் சொல்லவேண்டும். அதுவரைக்கும் அந்தக் காணி வேலிக்குப் பின்னால் கிடந்த ஒரு பழுப்பு நிறம். வரைபடத்தில் பூங்கா, கண்ணுக்குக் குப்பைமேடு. சோளம் வந்த பிறகுதான் நகரத்தின் மற்றப் பக்கத்து ஆட்களும் 'ஓ, இங்க இப்பிடி ஒரு இடம் இருக்கா' என்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு போகம் பயிர் நின்ற நிலத்தை மறுபடி பண்டகசாலைக்குக் கொடுப்பது அரசியல்வாதிக்குக் கஷ்டம். கண்ணால் கண்ட பச்சையைச் சனம் மறக்காது. அந்தளவில் அந்தத் தற்காலிகம் நிரந்தரத்துக்கு ஒரு கால் நட்டுக்கொடுத்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முழுமையான பூங்கா 2017 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. சனம் காணியை வென்று பதினாறு வருடங்களுக்குப் பிறகு. 2001 இல் பந்தடிக்க இடம் கேட்ட பத்து வயசுப் பிள்ளைக்கு அப்ப இருபத்தாறு வயசு.

இரண்டாவது வயல்

இப்போது அலமீடா வீதியால் தெற்கே போவோம். அந்த வீதியின் வட முனை சைனாடவுணில், கோர்ன்ஃபீல்டுக்குக் கிட்ட. அதே வீதியால் சில மைல் தெற்கே போனால் 41 ஆம் வீதிச் சந்தி வரும். அங்கே 14 ஏக்கரில் ஒரு தோட்டம் இருந்தது. பெயர் சவுத் சென்ட்ரல் ஃபார்ம்.

அதன் கதையும் நீளம். 1980களில் நகரசபை அந்தக் காணியைக் குப்பை எரிக்கும் ஆலை கட்டுவதற்காகச் சுவீகரித்தது. ஊர்ச்சனம், குறிப்பாகக் கறுப்பினப் பெண்கள், எதிர்த்து நின்று அந்த ஆலையை நிறுத்தினார்கள். 1992 கலவரத்துக்குப் பிறகு அந்த வெறுங்காணியில் பயிர் செய்ய உணவு வங்கி ஒன்றின் ஊடாக அனுமதி கிடைத்தது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் துண்டு துண்டாகப் பிரித்துப் பயிர் வைத்தன. ஏறக்குறைய 350 குடும்பங்கள். சோளம், அவரை, கள்ளி, மருந்து மூலிகை, பழமரங்கள். பத்து வருடத்துக்கு மேலாக ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவே அவர்களுடைய அடுப்புக்கு அந்த நிலம் சாப்பாடு போட்டது.

ஆனால் உறுதி அவர்களிடம் இல்லை. 2003 இல் நகரசபை அந்தக் காணியைப் பழைய உரிமையாளருக்கே ஏறத்தாழ 50 லட்சம் டொலருக்கு விற்றது. தோட்டக்காரருக்கு வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. வழக்கு, ஊர்வலம், காவல், பாட்டு எல்லாம் நடந்தது. காணியைத் திரும்ப வாங்க ஒரு கோடி அறுபது லட்சம் டொலருக்கு மேல் தேவைப்பட்டது. அதைச் சேர்க்கும் முயற்சிக்குப் பெருந்தொகை தர முன்வந்தது யார் தெரியுமா? சோளவயலுக்குக் காசு கொடுத்த அதே அன்னன்பெர்க் அறக்கட்டளை. உரிமையாளர் விற்க மறுத்துவிட்டார்.

2006 ஜூன் 13 விடியற்காலையில் ஷெரிஃபின் ஆட்கள் வந்தார்கள். மரத்தில் ஏறி இருந்தவர்களையும் பீப்பாய்களோடு தங்களைப் பிணைத்துக்கொண்டு கிடந்தவர்களையும் பிடுங்கி எடுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிறகு புல்டோசர். விளைந்து நின்றதோ விளையப் போனதோ, எல்லாத்துக்கும் மேலால ஏத்தினார்கள். 'த கார்டன்' என்ற 2008 ஆம் ஆண்டு ஆவணப்படம் இதை எடுத்துவைத்திருக்கிறது. ஒஸ்கார் பரிந்துரை வரைக்கும் போன படம். அந்தக் காணி அதற்குப் பிறகு வருடக்கணக்காக வெறும் தரையாகக் கிடந்தது. அவசரமாகப் பிடுங்கினதில் அவசரமாக ஒன்றும் முளைக்கவில்லை.

இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்தால்

வடக்கே அறுவடை, தட்டைக் கட்டு, புகைப்படம். தெற்கே கைவிலங்கு, புல்டோசர். இரண்டுக்கும் இடையில் ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. இரண்டிலும் சோளம்தான் நின்றது.

இதைப் பார்த்து "கலைஞர் கெட்டவர், தோட்டக்காரர் நல்லவர்" என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அறக்கட்டளை இரண்டு பக்கமும் காசு நீட்டியதை எங்கே வைப்பது? ஒரு ஆளின்ர மனசை விடப் பெரிய விசயம் இது. நகரங்கள் நிலத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதுதான் கேள்வி.

நகரத்துக்குத் 'தற்காலிகப் பாவனை' என்பது வசதியான சொல். காணிக்கு விலை ஏறும்வரை, திட்டம் முடிவாகும்வரை, யாராவது அந்த இடத்தை உயிரோடு வைத்திருந்தால் நல்லது. கலைஞர் வைத்திருக்கலாம், தோட்டக்காரரும் வைத்திருக்கலாம். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், கலைஞர் கையில் ஒப்பந்தம் இருக்கிறது, அதில் முடிவுத் திகதி இருக்கிறது, முடிவுக்குப் பிறகு போவதற்கு வீடும் அடுத்த படைப்பும் இருக்கிறது. தோட்டக்காரர் கையில் மண்வெட்டி இருக்கிறது. அவர்களும் தற்காலிகம் என்றுதான் காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்தத் 'தற்காலிகம்' எப்ப முடியும் எண்டு அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பழமரம் நடுகிறவர் ஒரு போகத்துக்கு நடுவதில்லையே.

ஆகவே தற்காலிகம் என்பது ஒரு அழகியல் மட்டும் இல்லை, ஒரு சலுகையும்தான். முடிவை முன்கூட்டியே அறிந்து, அதற்குத் தயாராகி, அதை ஒரு நிகழ்வாகச் செய்து முடிக்கிற சலுகை. அது இல்லாதவருக்கு முடிவு ஒரு விடியற்காலையில் லவுட்ஸ்பீக்கரோடு வரும்.

அதே சைனாடவுணில் இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. பார்க் முழுமையாகத் திறந்த காலத்தில் அதைச் சுற்றிப் புது அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஹில்சைட் வில்லா என்ற தொடர்மாடியில் இருந்த குடும்பங்கள் மலிவு வாடகை ஒப்பந்தம் ஒன்றின் பாதுகாப்பில் வாழ்ந்தார்கள். அந்த ஒப்பந்தம் 2018 இல் காலாவதியானது. அதற்குப் பிறகு பெரிய வாடகை உயர்வு அறிவித்தல்கள் வந்தன, வாடகைக்காரர் சங்கமாகச் சேர்ந்து வருடக்கணக்கில் போராடினார்கள். அதுவும் ஒரு 'தற்காலிகம்' முடிந்த கதைதான். அதைப் பார்த்து யாரும் "நிலையாமையின் அழகு" என்று கட்டுரை எழுதவில்லை.

அப்ப தற்காலிகக் கலை வேண்டாமா?

வேண்டும். நான் சிலைகளின் ஆள் இல்லை. ஒரு பூங்காவில் வெண்கலத்தில் ஒருவரை நிறுத்திவிட்டால் அடுத்த நூறு வருடத்துக்கு அந்த மூலையை அவர்தான் ஆள்வார். அதைவிட ஒரு போகச் சோளம் எவ்வளவோ மேல். அக்னஸ் டெனிஸ் 1982 இல் மன்ஹாட்டனில், வோல் ஸ்ட்ரீட்டுக்கு நடக்கிற தூரத்தில், நிரப்பப்பட்ட நிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து ஆகஸ்டில் அறுத்தார். பங்குச் சந்தையின் காலடியில் தானியம் நின்ற அந்தக் காட்சி நாற்பது வருடத்துக்குப் பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே நிலத்தில் பிறகு வந்தது பற்றரி பார்க் சிற்றியின் விலை கூடின கட்டடங்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். டெனிஸின் கோதுமை அதைத் தடுக்கவில்லை, அது அவருடைய வேலையும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற எங்கட வேலை கோதுமையோடு முடிந்துவிடக்கூடாது.

என் நிலைப்பாடு இதுதான். பொதுக் காணியில், அதுவும் சனம் போராடி எடுத்த பூங்கா நிலத்தில், ஒரு தற்காலிகப் படைப்பு வருகுதெண்டால் அது மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். முடிவுத் திகதியை யாரோடு கதைத்து எழுதினீர்கள்? முடிந்த பிறகு மண்ணில் என்ன மிஞ்சும்? அடுத்த நாள் அந்த இடத்தில் யார் நிற்பார்கள்?

சென்ட்ரல் பார்க் வாயில்கள் இரண்டாவது கேள்விக்குச் சுத்தமாகப் பதில் சொல்கின்றன: பூங்கா இருந்தபடியே திரும்பக் கிடைத்தது. சோளவயல் மூன்றாவது கேள்விக்கு ஓரளவு பதில் சொல்கிறது: பிந்தியாவது பார்க் வந்தது, இன்றைக்கு அங்கே சனம் நடக்குது, ஓடுது, பட்டம் விடுது. முதல் கேள்வியில்தான் அது தடுமாறுகிறது. பொன் அதற்குப் பிறகும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கொங்கிரீட்டுக்குள் அடைக்கப்பட்ட லொஸ் ஏஞ்சலிஸ் ஆற்றின் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துச் சுத்திகரித்து அதே பூங்காவுக்குப் பாய்ச்சும் ஒரு வேலையில், அனுமதிக்கு மேல் அனுமதி எடுத்து, வருடக்கணக்கில் இறங்கியிருக்கிறார். ஒரு போகத்துக்கு வந்தவர் வாய்க்கால் வெட்டும் வரைக்கும் நின்றிருக்கிறார். எனக்கு அந்தச் சோளத்தை விட இந்த நிற்றல்தான் பெரிசாகப் படுகுது.

எங்கட வயசில் பலர் சுவரோவியம் வரைகிறோம், வீதியில் நாடகம் போடுகிறோம், பூங்காவில் நிறுவல் வைக்க அனுமதிக் கடிதம் எழுதுகிறோம். அந்தக் கடிதத்தில் 'நிகழ்வு முடிந்ததும் இடத்தைத் துப்புரவாக்கி ஒப்படைப்போம்' என்று ஒரு வரி எப்பவும் இருக்கும். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: அந்த இடத்தை ஏற்கனவே பாவிக்கிற ஆட்கள் யார், அவர்களோடு கதைத்தோமா, நாங்கள் போன பிறகு அவர்கள் அங்கே இருக்கலாமா. ஒரு நாள் வேலைக்கு இவ்வளவும் வேணுமா எண்டு கேட்கலாம். வேணும். நாங்கள் நிகழ்வு வைக்கிற மூலையில் யாரோ கச்சான் வித்துக்கொண்டிருப்பார், யாரோ மத்தியானம் படுத்து எழும்புவார். எங்கட நிகழ்வுக்காக அவரை எழுப்பி அனுப்பினால், அவருக்கும் அன்றைக்கு ஒரு முடிவுத் திகதி எழுதினது நாங்கள்தான்.